சிறிய செபென்சா 31 மடக்குக் கத்தி: முதல் எட்டு நாள்களின் எண்ணங்கள்

பதிவு 1 | குறிஞ்சிக்காடு, போர்ட்லாந்து

அனைவருக்கும் வணக்கம். வாங்கலாமா வேண்டாமா என்று ஐந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த சிறிய செபென்சா 31 சென்ற சனிக்கிழமை என் கைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி நகரில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் மடக்குக் கத்தி இது. எட்டு நாள்களில் ஒரு கத்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆயினும் கை பழகிய பிறகு புலப்படாமல் போகும் சில செய்திகள் முதல் வாரத்தில்தான் தெரிகின்றன என்பதால், அவற்றை மறப்பதற்கு முன் எழுதிவிட நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. சாம்பல் நிற டைட்டானியக் கைப்பிடி, அதில் பளபளப்போ வேலைப்பாடோ இல்லை. ஒரு கயிற்றுப் பின்னல், அறுகோணச் சாவிகள், கத்தி செய்து முடிக்கப்பட்ட நாளைக் குறித்த ஒரு சிறு அட்டை, அவ்வளவுதான். 400 டாலருக்கு மேல் கொடுத்த பொருள் இவ்வளவு எளிமையாகவா இருக்க வேண்டும் என்று தோன்றியது. அலகின் நீளம் 2.99 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.6 சென்டிமீட்டர். என் சமையலறைத் தராசு 85 கிராம் காட்டியது. என் கை பெரியது. நான்கு விரல்களும் கைப்பிடியில் அடங்குகின்றன, ஆனால் சுண்டுவிரலுக்கு இடம் போதும் போதாததாக இருக்கிறது.

திறந்து பார்த்தபோதுதான் எண்ணம் மாறத் தொடங்கியது. இப்போது வரும் கத்திகள் பலவும் விரலால் தொட்டதும் அலகு பறந்து வந்து நிற்கும்படி செய்யப்படுகின்றன. இது அப்படி வராது. கட்டைவிரலைக் குமிழில் வைத்து நிதானமாகத் தள்ள வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவான, மெல்லிய எதிர்ப்பு கைக்குத் தெரிகிறது. எந்த இடத்திலும் உரசலோ தளர்ச்சியோ இல்லை. பழைய வீடுகளில் தேக்குக் கதவு தன் கனத்தாலேயே மெல்லச் சென்று நிலையோடு பொருந்திக்கொள்ளுமே, அந்த உணர்வுதான் எனக்கு வந்தது. திறந்து நின்ற அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தேன். ஆட்டம் என்பதே இல்லை.

பூட்டும் முறை இந்தக் கத்தியின் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் ஒரு வெட்டு விட்டு, அந்தப் பகுதி உள்நோக்கி வளைந்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அலகு முழுதும் திறந்ததும் அது அலகின் பின்புறத்துக்குக் கீழே வந்து நின்றுகொள்கிறது. தனியாக வில் இல்லை, தனியாகப் பூட்டுத் துண்டும் இல்லை, கைப்பிடியே பூட்டு. நாம் கத்தியை இறுகப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டும் இறுகுகிறது என்பது இதன் சிறப்பு. பழைய செபென்சாக்களில் டைட்டானியம் நேராக எஃகின் மேல் உட்காரும். 31இல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு பீங்கான் குண்டு இருக்கிறது. தேய்மானமும் ஒட்டிக்கொள்ளும் போக்கும் இதனால் குறைகின்றன. மடக்கிய நிலையில் அலகைத் திறக்காமல் பிடித்து வைப்பதும் அதே குண்டுதான்.

இனி வெட்டும் வேலை. அலகு இரு பக்கமும் உட்குழிவாக அரைக்கப்பட்டிருப்பதால் கூருக்கு மேலே உலோகம் மிக மெல்லியதாக இருக்கிறது. அட்டைப் பெட்டி, ஞெகிழிக் கட்டு, மாம்பழத் தோல் எல்லாவற்றிலும் எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறது. கேரட்டில் மட்டும் கதை வேறு. பாதி இறங்கியதும், அலகின் முதுகுப் பக்கத்துத் தடிப்பு ஆப்புப் போல நின்று, காயை வெட்டாமல் பிளந்துவிடுகிறது. சமையலறைக்கு என்று யாரும் இதை வாங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. கை ஈரமாக இருந்தால் கைப்பிடி வழுக்குகிறது. சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டதால் இரண்டாம் நாளே மூன்று கீறல்கள் விழுந்துவிட்டன. அது என் கவனக்குறைவு, ஆனால் டைட்டானியம் எளிதில் கீறல் படும் உலோகம் என்பதை வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரல் குமிழின் விளிம்பு தொடர்ந்து பத்து முறை திறந்தால் தோலை உறுத்துகிறது. பையில் மாட்டும் கவ்வியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை: அதன் நுனி பூட்டுப் பகுதியின் மேல் படாமல் சற்றுச் சாய்வாகக் கைப்பிடியின் அசையாத பகுதியில் உட்காருகிறது. இதனால் கத்தியைப் பையிலிருந்து எடுக்கும்போது பூட்டின் மேல் அழுத்தம் விழுவதில்லை.

இரண்டு கேள்விகள். இதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், அதற்காகவே சாவிகளைத் தருகிறார்கள் என்கிறார்கள். புதுக் கத்தியை இப்போதே கழற்றலாமா, அல்லது சில மாதங்கள் பொறுக்க வேண்டுமா? அடுத்து, இதன் விலைக்கான காரணம் எங்கே இருக்கிறது என்று உங்களில் இயந்திர வேலை அறிந்தவர்கள் விளக்க முடியுமா? கைக்குத் தெரிகிறது, ஆனால் ஏன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதிவு 2 | உளிமுனை, மதுரை

நல்ல பதிவு. படிக்கும்போதே கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்தது போல இருந்தது. ஆனால் விலையைப் பற்றி என் மாற்றுக் கருத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் மர வேலை செய்பவன். பத்து ஆண்டுகளாக என் பையில் இருப்பது பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒப்பினெல் கத்தி, எட்டாம் எண். பீச் மரக் கைப்பிடி, ஒரு வளையத்தைத் திருப்பினால் விழும் பூட்டு. அந்த வளையப் பூட்டு 1955இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அதுவும் இல்லை. நீங்கள் கொடுத்த பணத்தில் அதைப் போல் பத்துக்கும் மேற்பட்ட கத்திகளை வாங்கிவிடலாம். அதன் அலகு உங்கள் கத்தியின் அலகைவிட மெல்லியது. நீங்கள் சொல்லும் கேரட்டை அது பிளக்காது, வெட்டும். கத்தியின் முதல் கடமை வெட்டுவது. அந்தக் கடமையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையுள்ள கத்தி முந்திக்கொள்கிறது என்றால், மீதிப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்பது நியாயம்தானே? யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 3 | லேத்துக்காரன், ஓசூர்

குறிஞ்சிக்காடு அவர்களின் இரண்டாம் கேள்விக்கும் உளிமுனை அவர்களின் கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துல்லிய உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். என் மைத்துனர் வைத்திருக்கும், 31க்கு முந்தைய வடிவமான செபென்சா 21ஐ ஒருமுறை முழுதும் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சாதாரண மடக்குக் கத்தியில் அலகு ஒரு திருகின் மேல் சுழலும். அலகின் இரு பக்கமும் வாஷர்கள், அவற்றுக்கு வெளியே கைப்பிடித் தகடுகள். திருகை இறுக்கினால் தகடுகள் நெருங்கி அலகை அழுத்தும், அலகு நகராது. தளர்த்தினால் அலகு எளிதாகச் சுழலும். ஆனால் ஆட்டம் வரும். ஆகவே இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே திருகு நகராமல் இருக்கப் பசை தடவுவார்கள். பயன்படுத்தப் பயன்படுத்த அந்த இடம் மாறும். மீண்டும் தேட வேண்டும். கத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும்.

செபென்சாவில் இப்படித் தேட வேண்டியதில்லை. திருகின் மேல் ஒரு புஷ், அதாவது உருளை வடிவக் குழல், மாட்டப்பட்டிருக்கும். அலகு அந்தப் புஷ்ஷின் மேல்தான் சுழல்கிறது. திருகை இறுக்கும்போது இரு தகடுகளும் புஷ்ஷின் இரு முனைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் நெருங்க முடியாது. ஆகவே திருகை முழு பலத்தோடு இறுக்கலாம். அலகுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் திருகு முடிவு செய்வதில்லை, புஷ்ஷின் நீளம் முடிவு செய்கிறது.

இது கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் அதன் கடினம் புரியும். அலகின் தடிப்பு, இரண்டு வாஷர்களின் தடிப்பு ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும் அளவைவிடப் புஷ்ஷின் நீளம் ஒரு துளி கூடுதலாக இருக்க வேண்டும். அந்தத் துளி, மயிரிழையின் தடிப்பில் சிறு பகுதிதான். கொஞ்சம் அதிகமானால் அலகு ஆடும். கொஞ்சம் குறைந்தால் அலகு இறுகிக்கொள்ளும். திருகைத் தளர்த்தித் தப்பித்துக்கொள்ளும் வழியும் கிடையாது, ஏனென்றால் திருகுக்கு அந்த வேலையே இல்லை. நான்கு பாகங்களும் தனித்தனியே அளவு பிசகாமல் வர வேண்டும். அதோடு அலகு, தகடுகள் ஆகியவற்றின் பரப்புகள் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். வெப்பப் பதனத்தில் எஃகு சற்றே வளையும் இயல்புடையது என்பதால், பதனம் முடிந்த பிறகு அலகை மீண்டும் சமதளமாக அரைத்தெடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இத்தகைய டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் பிசகு, கேட்டு வரைபடம் வந்தால், முதலில் விலையைத்தான் இரண்டு மடங்காக எழுதுவோம். ஒன்றைச் செய்து காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றையும் அதே அளவில் செய்வது வேறு.

நீங்கள் கையில் உணர்ந்த அந்த ஒரே சீரான எதிர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. இந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் கருவிகளும் அச்சுகளும் செய்யும் தொழிலில் பயிற்சி பெற்றவர். 1989இல் பாய்சிக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் செபென்சாவைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். கத்திக்காரர் கண்ணோடு அல்லாமல் அச்சுப் பட்டறைக்காரர் கண்ணோடு வடிவமைக்கப்பட்ட கத்தி இது என்பது அதைக் கழற்றியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. செபென்சா என்பது சூலு மொழியில் வேலையைக் குறிக்கும் சொல்.

உளிமுனை ஐயா, வெட்டும் திறனில் உங்கள் கத்தி முந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த விலையில் கூருக்குக் கொடுக்கப்படும் பங்கு மிகக் குறைவு. பெரும்பங்கு அலகு சுழலும் அச்சின் துல்லியத்துக்குத்தான்.

குறிஞ்சிக்காடு அவர்களே, கழற்ற அவசரம் வேண்டாம். ஒன்றிரண்டு மாதம் திறந்து மூடுங்கள். வெண்கல வாஷரும் அலகும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தட்டும். தூசியோ பழச்சாறோ உள்ளே போயிருந்தால் மட்டும் இப்போதே கழற்றுங்கள்.

பதிவு 4 | வடலி, லண்டன்

லேத்துக்காரன் அண்ணைக்கு மிக்க நன்றி. புஷ் பற்றிய விளக்கத்தை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மடக்குக் கத்தியை வில்லுக்கத்தி என்போம். இந்த இழையைப் படிக்கும்போது அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு மீண்டும் விளங்கியது. என் அம்மப்பாவிடம் ஷெஃபீல்டில் செய்த ஒரு வில்லுக்கத்தி இருந்தது. மாங்காய் சீவுவதற்கும், வெற்றிலைக் காம்பு கிள்ளுவதற்கும், எங்களுக்குப் பென்சில் சீவித் தருவதற்கும் அதைத்தான் எடுப்பார். அந்தக் கத்தியில் பூட்டு கிடையாது. கைப்பிடியின் முதுகில் இருக்கும் எஃகு வில் அலகின் அடியை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவே. சற்றுப் பலமாக மடக்கினால் மடங்கிவிடும். விரல் வெட்டுப்படாமல் அதைக் கையாளப் பழகுவதே எங்களுக்கு ஒரு பயிற்சியாக இருந்தது. செபென்சாவில் அந்த வில் மறைந்து கைப்பிடியே வில்லாகிவிட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் பிரித்தானியாவில் இருப்போர் இந்தக் கத்தியை வாங்குவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அலகு 3 அங்குலத்துக்கு உட்பட்டது, ஆகவே சட்டப்படி பையில் வைத்திருக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு, வெட்டும் கூர் 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டுமே பொது இடத்தில் விலக்குத் தருகிறது. பூட்டிக்கொள்ளும் கத்தி, நினைத்த கணத்தில் அழுத்தம் ஒன்றாலேயே மடங்கக் கூடியதல்ல என்பதால், இந்த விலக்குக்குள் வராது என்று 1990களின் தொடக்கத்தில் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தொழில் போன்ற தக்க காரணம் காட்ட முடியாவிட்டால், செபென்சாவோடு தெருவில் பிடிபடுவது குற்றமாகவே கொள்ளப்படும். வீட்டிலும் சொந்தத் தோட்டத்திலும் வைத்துப் பயன்படுத்தத் தடையில்லை.

இதே நிறுவனம் பூட்டில்லாத வகையில் இம்பிண்டா என்றொரு கத்தியையும் செய்தது. அதாவது எங்கள் வில்லுக்கத்தியின் உயர்குடி உறவினர். ஆனால் அதன் அலகு 3 அங்குலத்தைச் சிறிதளவு தாண்டிவிட்டது. எங்களுக்கு அதுவும் கிட்டாமற் போனது.

பதிவு 5 | செங்காந்தள், கோயம்புத்தூர்

வடலி அவர்கள் சட்டத்தை எடுத்ததால் கேட்கிறேன். இந்தியாவில் நிலைமை என்ன? மலையேற்றத்துக்குப் போகும்போது இப்படி ஒரு கத்தி எடுத்துச் செல்ல விரும்புகிறேன்.

பதிவு 6 | லேத்துக்காரன், ஓசூர்

படைக்கலச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகள்தான் பொதுவாக உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வரும். வீட்டு வேலை, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை அதிலும் விலக்கு. இந்தக் கத்தி அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் உள்ளூர்க் காவல்துறை ஆணைகள் இடத்துக்கு இடம் வேறுபடலாம்; வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் தேர்தல், திருவிழாக் காலங்களிலும் கேட்டால் எடுத்துக் காட்டி, எதற்காக என்று சொல்ல ஆயத்தமாக இருங்கள். வானூர்தியில் சரக்குப் பெட்டியில் மட்டும் வையுங்கள். கைப்பையில் மறந்தும் வைக்க வேண்டாம்.

பதிவு 7 | உருக்குலை, பெங்களூர்

எஃகைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன். குறிஞ்சிக்காடு அவர்கள் வாங்கியது புதிய உற்பத்தி என்றால் அலகு மேக்னாகட் எஃகாக இருக்க வேண்டும். அலகிலோ அட்டையிலோ பார்த்து உறுதிப்படுத்தவும்.

செபென்சாவின் வரலாறே ஒரு வகையில் எஃகின் வரலாறுதான். தொடக்கத்தில் ஏடிஎஸ்-34 என்ற எஃகு வகை, பிறகு பிஜி-42. 2001இல் க்ரூசிபிள் ஆலை எஸ்30வி எஃகைக் கொண்டுவந்தபோது அதன் உருவாக்கத்தில் கிறிஸ் ரீவின் கருத்துகளுக்கு இடமிருந்தது. பின்னர் 2009இல் எஸ்35விஎன் வந்தது, அதற்குப் பின் எஸ்45விஎன், இப்போது மேக்னாகட். பழைய செபென்சாக்களின் கூர் விரைவில் மழுங்குகிறது என்ற குறை நெடுநாள் இருந்தது. எஸ்30வியை அவர்கள் ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவுகோலில் 58, 59 அளவிலேயே பதப்படுத்தினார்கள். காட்டில் இருப்பவரும் ஒரு கல்லை வைத்துத் தாமே தீட்டிக்கொள்ள வேண்டும், கூர் உடையக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடு உண்டு. உடைந்த கூரைச் சீர்செய்வதைவிட மழுங்கிய கூரைத் தீட்டுவது எளிது.

மேக்னாகட் 2021இல் வெளிவந்தது. உலோகவியலர் லாரின் தாமஸ் வடிவமைத்தது. அதில் குரோமியம் 10.7 விழுக்காடுதான். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வதற்கு இது குறைவாயிற்றே என்று தோன்றும். இங்கேதான் அதன் நுட்பம் இருக்கிறது. டி2 என்ற அச்சு எஃகை லேத்துக்காரன் ஐயா நன்கு அறிவார். அதில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கும். காரணம், அதிலுள்ள மிகுதியான கரி, அதாவது கார்பன், குரோமியத்தை இழுத்துப் பெரிய பெரிய கார்பைடுத் துகள்களாக ஆக்கிவிடுகிறது. துருவைத் தடுக்க எஃகில் கரைந்து நிற்க வேண்டிய குரோமியம் குறைந்துவிடுகிறது. அந்தப் பெரிய துகள்களே கூர் உதிர்வதற்கும் வழி செய்கின்றன. மேக்னாகட்டில் கரியின் அளவைக் குறைத்து, 4 விழுக்காடு வனேடியமும் 2 விழுக்காடு நியோபியமும் சேர்த்து, கரி அவற்றோடு மட்டும் கூடும்படி கணக்கிட்டிருக்கிறார்கள். பதனம் முடிந்த எஃகில் குரோமியக் கார்பைடு ஏறக்குறைய இருப்பதே இல்லை. குரோமியம் முழுதும் துருவைத் தடுக்கும் வேலைக்கு நிற்கிறது. மிகச் சிறிய, மிகக் கடினமான வனேடிய, நியோபியத் துகள்கள் தேய்மானத்தைத் தாங்குகின்றன. உறுதி, கூர் நிலைப்பு, துருத் தடுப்பு ஆகிய மூன்றில் ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பெற முடியும் என்று இருந்த நிலையை இது பெருமளவு மாற்றிவிட்டது.

தீட்டுவதில் ஒரு செய்தியை நினைவில் வைக்கவும். வனேடியக் கார்பைடு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் அலுமினிய ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினமானது. அந்தக் கல்லிலும் கூர் வரும், ஆனால் நேரம் பிடிக்கும். வைரத் துகள் பதித்த தட்டு இருந்தால் வேலை எளிது.

பதிவு 8 | உளிமுனை, மதுரை

லேத்துக்காரன் ஐயாவின் விளக்கத்தை மூன்று முறை படித்தேன். புஷ்ஷின் நீளத்தில் இவ்வளவு உழைப்பு அடங்கியிருப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. உளியின் முதுகைச் சமதளமாக்க நான் அரை நாள் செலவிடுபவன். ஆகவே அந்த உழைப்பின் மதிப்பு எனக்குப் புரிகிறது.

இருந்தாலும் என் கருத்திலிருந்து முழுதும் விலக மாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மடக்குக் கத்தியை, பெயரைச் சொல்ல விரும்பவில்லை, துல்லியம் துல்லியம் என்று விளம்பரப்படுத்தியதை நம்பி நல்ல விலைக்கு வாங்கினேன். இரண்டு மாதத்தில் அச்சுத் திருகு தானாகத் தளர்ந்தது. இறுக்கினேன், அலகு நகரவில்லை. தளர்த்தினேன், ஆடியது. கழற்றிப் பார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அதன் தாளிலேயே எழுதியிருந்தது. அந்தக் கத்தி இன்றும் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. விலை கூடிய கத்திகளின் மேல் எனக்கு ஏற்பட்ட ஐயம் அங்கிருந்து தொடங்கியதுதான். குறிஞ்சிக்காடு அவர்கள் தம் கத்தியைக் கழற்றி, மீண்டும் பூட்டி, திருகை முழுதும் இறுக்கிய பிறகும் அலகு முன்போலவே சுழல்கிறதா என்று எழுதினால், அதை நான் சான்றாக ஏற்றுக்கொள்வேன்.

பதிவு 9 | குறிஞ்சிக்காடு, போர்ட்லாந்து

ஒன்பது வாரங்கள் கழித்து எழுதுகிறேன். காத்திருந்தோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். லேத்துக்காரன் ஐயா சொன்னபடி அவசரப்படாமல் இருந்தேன். சென்ற வாரம் ஓடைக் கரையில் மணல் உள்ளே போய், திறக்கும்போது நறநறவென்று ஓசை கேட்டதால் கழற்ற நேர்ந்தது.

ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையிலேயே அடுக்கி வைத்தேன். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான பாகங்கள்தான் இருந்தன. அச்சுப் புஷ்ஷை விரலால் தள்ளியே வெளியே எடுக்க முடிந்தது. ஆனால் நேராகத் தள்ளினால்தான் வருகிறது, சற்றே சாய்ந்தாலும் நின்றுவிடுகிறது. பாஸ்பர் வெண்கல வாஷர்களில் வட்டமாகச் சிறு துளைகள் இருக்கின்றன. அவை எடையைக் குறைக்க என்று நினைத்திருந்தேன். மசகு தங்குவதற்காக என்பது உள்ளே தேங்கி நின்ற மசகைப் பார்த்ததும் விளங்கியது. வாஷரின் ஒரு பக்கத்தில் அலகு சுழன்ற தடம் வில்வடிவில் பளபளவென்று தெரிந்தது. தேய்ந்து பொருந்தட்டும் என்று ஐயா சொன்னது இதைத்தான் போலும்.

மணலைத் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி மசகு வைத்து மீண்டும் பூட்டினேன். முதல் முறை நான் ஒரு பிழை செய்தேன். ஒரு வாஷர் புஷ்ஷின் மேல் சரியாக அமர்வதற்கு முன்பே மேல் தகட்டை வைத்து அழுத்திவிட்டேன். தகடு ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது. திருகைத் தொடாமல் மீண்டும் பிரித்துச் சரி செய்தேன். இதைச் செய்யப்போகும் எவரும், தகடு தானாக முழுதும் படியும்வரை திருகை எடுக்க வேண்டாம். படியவில்லை என்றால் எங்கோ ஒரு பாகம் தன் இடத்தில் இல்லை என்று பொருள்.

உளிமுனை ஐயா, நீங்கள் கேட்ட சோதனையைச் செய்தேன். திருகை முதலில் விரலால் இறுக்கி அலகைத் திறந்து மூடினேன். பிறகு சாவியால் கால் சுற்று, மேலும் இறுகாத இடம் வரை, அழுத்தம் கொடுத்து இறுக்கினேன். அலகின் ஓட்டத்தில் எந்த மாறுதலும் இல்லை. ஒவ்வொரு நிலையிலும் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை திறந்து பார்த்தேன். எது எந்த இறுக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பக்கவாட்டில் ஆட்டமும் இல்லை.

சமையலறையைப் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மையாகிவிட்டது. உங்கள் பதிவைப் படித்த பிறகு எட்டாம் எண் ஒப்பினெல் ஒன்று வாங்கினேன். கேரட்டும் வெள்ளரியும் இப்போது அதற்குத்தான். ஓடைக் கரையில் ஈரம் பட்டதும் அதன் மரக் கைப்பிடி ஊறி, அலகு உள்ளே சிக்கிக்கொண்டது. அடுப்பின் அருகே ஓர் இரவு வைத்த பிறகுதான் திறந்தது. ஆகவே வெளியே போகும்போது செபென்சா, வீட்டில் ஒப்பினெல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உருக்குலை அவர்களுக்கு: மேக்னாகட் என்பது உறுதிதான். ஒன்பது வாரத்தில் ஒரு முறைதான் தீட்டினேன், அதுவும் தேவை என்பதற்காக அல்ல, எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். எலுமிச்சையும் மாங்காயும் வெட்டித் துடைக்காமல் ஒரு மாலை முழுதும் விட்டும் துருவோ கறையோ இல்லை.

பதிவு 10 | உளிமுனை, மதுரை

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சரியான சோதனை. ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கத்தியை நான் வாங்கப்போவதில்லை; என் வேலைக்கு அது வேண்டியதில்லை. ஆனால் விலைக்குக் காரணம் இல்லை என்று இனிச் சொல்ல மாட்டேன்.

ஒப்பினெல் ஊறிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். நன்கு காய்ந்த கோடை நாளில் அலகைத் திறந்து வைத்து, கைப்பிடியின் பிளவுக்குள்ளும் அச்சுப் பக்கத்திலும் ஆளி விதை எண்ணெயைத் தூரிகையால் தடவி, ஒரு வாரம் நிழலில் உலரவிடுங்கள். இரண்டு முறை செய்தால் போதும். எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.